வன்னி மனிதரைப் படமெடுக்கத் தொடங்குவோருக்கு

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒருவரைப் படமெடுக்கக் கிளம்புகிறவர் முதலில் மனதில் வைக்கவேண்டியது, இங்கே பல வீடுகளில் பழைய படம் என்று ஒன்றுமே இல்லை என்பதைத்தான். கலியாணப் படம், பிள்ளைக்கு முப்பத்தொன்று கழித்தபோது எடுத்த படம், செத்துப்போன தகப்பனின் ஒரேயொரு அடையாள அட்டைப் படம் என்று எத்தனையோ இடப்பெயர்வுகளில் கைவிட்டுப் போயின. கடைசியாக மிஞ்சியிருந்த பெட்டியும் 2009-இல் போரின் முடிவில் போனது. தப்பி வந்தவற்றில் சில, 2017-இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் றோட்டோரக் கொட்டகைகளில் இருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்ட தாய்மாரின் மடியில் இருந்தன. ஒரு படத்தின் பெறுமதியை இந்தச் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அதனால் நான் சொல்லித்தரும் முறையில் ஒரு விதி மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. எடுத்த படத்தின் முதல் பிரதி அதில் இருக்கிறவரின் வீட்டுக்குப் போகவேண்டும். பேஸ்புக், போட்டி, கண்காட்சி எல்லாம் அதற்குப் பிறகு. இதை ஏற்றுக்கொண்டால் வெளிச்சம் பார்ப்பதும் கதை கொடுப்பதும் அதற்கேற்ப மாறும். ஆச்சி தன் வீட்டுச் சுவரில் கொழுவிப் பேரப்பிள்ளைக்குக் காட்ட விரும்புகிற படம் எது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

யாரை எடுப்பது

வன்னியின் பழங்குடி என்றதும் பலருக்கு வவுனியா நகரத்துப் பண்டாரவன்னியன் சிலை நினைவுக்கு வரும். 1803-இல் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னித் தலைவர் அவர். உலகில் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்டதே 1839-இல் என்பதால் அவர் முகத்தைப் பார்க்க நமக்கு வழியில்லை. இன்று நம் கண்முன் இருக்கிற முகங்களுக்கு அந்தக் கதி வரத் தேவையில்லை.

இலங்கையில் ஆதிக்குடிகள் என்றால் வேடரைத்தான் முதலில் சொல்வார்கள். தமிழ் பேசும் கரையோர வேடர் கிழக்கே வாகரை, மூதூர்ப் பக்கங்களில் இருக்கிறார்கள். வன்னியில் நீங்கள் தேடிப்போக வேண்டியவர்கள் குளத்தையும் காட்டையும் கடலையும் நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள்: துருசைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டவர், பட்டி மாடு சாய்த்துத் திரிந்தவர், காட்டுக்குள் கால் வைக்கமுன் குழை முறித்து வைத்து ஐயனாரைக் கும்பிட்டுவிட்டுத் தேன் எடுக்கப் போனவர், நந்திக்கடலில் வீச்சுவலை எறிபவர், அருவி வெட்டுக்காலப் பாட்டும் பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு என்ற பழைய பாட்டுகளும் மனப்பாடமாக வைத்திருக்கும் பெரியவர்கள், கூத்துப் பழக்கும் அண்ணாவியார், பாயும் பெட்டியும் இழைக்கும் அம்மாக்கள்.

இதில் ஒரு ஊரையும் ஒரு கைவேலையையும் பிடித்துக்கொள்ளுங்கள். மன்னார் கட்டுக்கரைக் குளத்திலிருந்து கொக்கிளாய் வரை ஓடித்திரிந்து எடுத்தால் முகங்கள் சேருமே தவிர ஒருவரையும் தெரிந்துகொள்ள மாட்டீர்கள். உங்கள் சொந்த ஊராக இருந்தால் இன்னும் நல்லது. சொந்தப் பெரியம்மாவை ஒழுங்காக ஒரு படம் எடுத்துப் பழகினவருக்குப் பிறத்தியாரை எடுப்பது எளிது.

முன்பு எடுத்தவர்கள் என்ன செய்தார்கள்

இதைத் தெரிந்துகொள்வது வேலைக்கு உதவும். 1880-களில் இலங்கைக்கு வந்த சுவிஸ் நாட்டு சரசின் சகோதரர்கள் வேடரை நேர்முகமாகவும் பக்கவாட்டாகவும் நிறுத்தி, மண்டையோட்டு அளவுகளோடு சேர்த்துப் படங்களை வெளியிட்டார்கள். அதற்குச் சற்று முன் 1875-இல் இங்கே வந்து குடியேறிய புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் தோட்டங்களில் வேலை செய்த தமிழரை எடுத்தார். வெளிச்சத்தில் அழகான படங்கள். ஆனால் அவற்றில் இருக்கிற பெண்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அமெரிக்காவில் எட்வர்ட் கர்ட்டிஸ் பூர்வகுடிகளை ஆண்டுக்கணக்காக எடுத்து 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகள் வெளியிட்டார். 1910-இல் கூடாரமொன்றுக்குள் இருந்த இரண்டு பேரை எடுத்தபோது நடுவில் ஒரு மணிக்கூடு இருந்தது. அச்சுக்குப் போனபோது அதை அழித்துவிட்டார். பழங்குடி வீட்டில் மணிக்கூடு இருக்கக்கூடாது என்று அவர் நினைத்த மாதிரியே இன்றைக்கு இங்கே வருகிறவர்களும் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கி அப்பால் வை, போனை மடிக்குள் ஒளி, தகரக் கூரை படத்தில் விழாமல் நில் என்கிறார்கள். கதிரை அப்புவின் காசில் வாங்கியது. அது இருக்கட்டும்.

மாற்றாக ஒன்றும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் சுவினோமிஷ், துலாலிப் குடிகளைச் சேர்ந்த மட்டிக்கா வில்பர் என்ற பெண் 2012-இல் புறப்பட்டு, அப்போது அரசு அங்கீகரித்திருந்த 562 குடிகளையும் தேடிப்போய்ப் படமெடுக்கத் தொடங்கினார். தன் சனத்தைத் தானே எடுப்பது என்ற அந்த வழியில்தான் வன்னிப் பிள்ளைகள் போகவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கமரா இல்லாமல் போகும் முதல் நாள்

முதல் தடவை போகும்போது கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஊரில் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பெரியவர்களிடம் போவதென்றால் வெத்திலை பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள். அருவி வெட்டு நடக்கும் மாசி, பங்குனியில் பகலில் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது. பின்னேரம் நல்லது.

இரண்டு கேள்வி கட்டாயம் வரும். "எந்த நிறுவனம் தம்பி?" என்பது ஒன்று. "வீட்டுத்திட்டத்துக்குப் பதியிறியளோ?" என்பது மற்றது. படமெடுத்தால் உதவி வரும் என்ற எண்ணமும், படமெடுத்தால் விசாரணை வரும் என்ற பயமும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் அனுபவம் காரணம். ஆகவே சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்: "நிறுவனம் இல்லை அம்மா. உதவி ஒண்டும் என்னால தரேலாது. உங்கட படத்தை வடிவா எடுத்து உங்களிட்டயே தருவன். வேற எங்கயாவது போடுறதெண்டால் உங்களைக் கேட்டுத்தான் போடுவன்." இப்படிச் சொன்ன பிறகு சிலர் வேண்டாம் என்பார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள். மறுத்தவரை அடுத்த தடவை மகளைக் கொண்டு கேட்பிப்பது, எட்ட நின்று பெரிய லென்சில் எடுப்பது இரண்டும் செய்யக்கூடாதவை.

சம்மதம் கேட்கும்போது மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். எடுக்கலாமா, ஊரில் காட்டலாமா, இணையத்தில் போடலாமா. முதலாவதுக்கு ஓம் என்றவர் மூன்றாவதுக்கு இல்லை என்பது அடிக்கடி நடக்கும். பெயரோடு போடலாமா என்பதைத் தனியாகக் கேட்கவேண்டும். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பன் அல்லது வளர்க்கிறவர் சொல்லவேண்டும். முன்னாள் போராளிகள், உடலில் காயத் தழும்போ செயற்கைக் காலோ உள்ளவர்கள் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நீங்களாக மறைக்கவும் வேண்டாம், நீங்களாகக் கிட்டப்போய் எடுக்கவும் வேண்டாம்.

வெளிச்சம்

வன்னி வெயில் கடுமையானது. 9 பாகை வட அகலாங்குக்குக் கிட்ட இருப்பதால், சித்திரை வருசப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த வெயிலில் நெற்றியும் மூக்கும் பளிச்சிட்டுக் கண்குழி இருண்டுபோகும். காலை ஆறேகாலிலிருந்து எட்டரை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு. இந்த நேரங்களில்தான் வெளியில் எடுக்கலாம். மாரி தொடங்கினால் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிய நாட்கள் கிடைக்கும். முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் கிரவல் றோட்டுப் புழுதி லென்சுக்குள் போகும், ஆகவே வெளியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.

பகலில்தான் போகமுடியும் என்றால் திண்ணையைத் தேடுங்கள். கூரை நிழல் முடிகிற கோட்டிலிருந்து ஒரு முழம் உள்ளே ஆளை இருத்தி, முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பினால் போதும். வெள்ளைமணல் முற்றம் வெயிலை மெதுவாக முகத்துக்கு எறியும். பாலை, வீரை மரநிழல் இதற்கு அடுத்தது. ஆனால் இலைக்குள்ளால் விழும் வெயில் பொட்டு முகத்தில் படாமல் பாருங்கள். நிறமும் கொஞ்சம் பச்சையாகும். தரப்பாள் கொட்டிலுக்குள் இன்னும் மோசம். நீலத் தரப்பாளின் கீழ் எந்த முகமும் நீலம்பாரிக்கும். அந்த இடத்தில் ஆளை வாசல் பக்கமாகக் கொண்டுவந்து வெளி வெளிச்சத்தில் இருத்துங்கள்.

கமராவும் போனும்

விலை கூடிய கமரா தேவையில்லை. இரண்டு மூன்று வருடப் பழைய போன் போதும். ஆனால் போனில் முகத்தை மினுக்கும் அழகூட்டி அமைப்பை முதல் வேலையாக நிறுத்துங்கள். அது கறுத்த முகத்தை வெளுப்பாக்கி, வயதின் ரேகைகளை அழிக்கும். வன்னி வெயிலில் அறுபது வருடம் வயல் செய்த முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பது அந்த மனிதருக்குச் செய்யும் அவமரியாதை என்றே சொல்வேன்.

நிறத்தைச் சரியாகப் பிடிக்க இது தெரிந்திருக்க வேண்டும்: கமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் அளவி எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த முகம் சட்டத்தை நிறைத்தால் அது தேவையில்லாமல் வெளிச்சத்தைக் கூட்டும், அப்போது வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போசர்) ஒரு படியில் (ஸ்ரொப்) மூன்றில் இரண்டு பங்கு குறையுங்கள். பின்னால் பளிச்சென்ற வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தால் முகம் கரியாகிவிடும், அப்போது ஒரு படி கூட்டுங்கள். போனில் முகத்தின் மேல் தொட்டு, வரும் சூரியக் குறியை மேலே கீழே இழுத்தால் இதே வேலை நடக்கும்.

கமரா வைத்திருப்பவர்கள் 50 அல்லது 85 மில்லிமீற்றர் லென்ஸ் போடலாம். முகம் மட்டும் என்றால் லென்சின் துவாரம் (f எண்) 2.8 அல்லது 4. வீடும் சாமானும் தெரியவேண்டும் என்றால் 5.6 அல்லது 8. ஷட்டர் வேகம் செக்கனில் 125-இல் ஒன்றுக்குக் குறையவேண்டாம். போனில் சாதாரண அகல லென்சோடு கிட்டப் போனால் மூக்கு பெருத்துக் காது சின்னதாகும். இரண்டு மடங்கு லென்சைப் போட்டு ஒன்றரை மீற்றர், இரண்டு மீற்றர் எட்டி நில்லுங்கள். ஆள் கதிரையில் இருந்தால் நீங்களும் குந்துங்கள். மேலிருந்து கீழே பார்த்து எடுத்த பெரியவர் படம் எனக்குப் பிடிப்பதில்லை, அவர்களுக்கும் பிடிப்பதில்லை.

எடுக்கும்போது

ஒரு ஆச்சியின் வீட்டில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். "என்னை ஏன் பிள்ளை எடுக்கிறாய், கிழடாய்ப் போனன்" என்பார். பிறகு "கொஞ்சம் பொறு" என்று உள்ளே போய்விடுவார். குறுக்குக்கட்டை மாற்றிப் பெட்டிக்குள் இருந்த சேலையைக் கட்டி, தலையிழுத்து, திருநீறு பூசி, கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து நடுவில் போட்டு இருப்பார். இரண்டு கையும் தொடையில், முதுகு நேரே, சிரிப்பு இல்லை. புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோய், "ஆச்சி, முந்தி நிண்ட மாதிரியே நில்லுங்கோ, நெல்லுப் புடையுங்கோ" என்று சொல்லத் தொடங்குவார்கள். சொல்லாதீர்கள். அவர் கேட்ட படம் அதுதான். கதிரையை மட்டும் நிழலுக்கு நகர்த்திவிட்டு அந்தப் படத்தை முழுக் கவனத்தோடு எடுங்கள். சேலைக் கரை தெரியவேண்டும், கால் வெட்டுப்படக் கூடாது, கண் கூர்மையாக இருக்கவேண்டும். கமராவின் முதுகில் காட்டுங்கள். "கண்ணை மூடிப்போட்டன்" என்றால் திரும்ப எடுங்கள்.

அது முடிந்த பிறகு கதை கேட்டுக்கொண்டு இருங்கள். சேலையை மாற்றிவிட்டு ஆச்சி தன் பாட்டில் வேலைக்குத் திரும்புவார். சுளகைக் கையில் எடுத்தால் அந்தக் கையைப் பாருங்கள்: வலது பெருவிரல் சுளகின் விளிம்பை அழுத்தியிருக்கும், மணிக்கட்டின் ஒரே வெட்டில் அரிசி பின்னுக்குப் போகும், உமி முன்னுக்குப் பறக்கும். உமி பறப்பதைக் காட்ட ஆச்சியின் பின்னால் இருட்டான கதவோ மரமோ வரும்படி நீங்கள் இடம் மாறி நின்று, வேகத்தை 500-இல் ஒன்றாக்குங்கள். "இதையும் எடுக்கட்டோ ஆச்சி?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டு படமும் அவருக்குப் போகவேண்டும். எதைச் சுவரில் கொழுவுவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

பின்னணியில் முகாம் வேலியோ சோதனைச் சாவடியோ விழும் என்றால் கோணத்தை மாற்றுங்கள். வீண் கேள்வி உங்களுக்கு மட்டும் வராது, அந்த வீட்டுக்கும் வரும்.

கூத்தும் கோவிலும்

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்குக் கமராவோடு ஓடுவதுதான் பலரின் முதல் ஆசை. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்தக் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் வேறெங்கே இருக்கிறது! ஆனாலும் முகம் எடுக்கப் பழகுவதற்குப் பொங்கல் இரவு ஏற்ற நேரமில்லை. லட்சக்கணக்கான சனத்துக்குள் நேர்த்திக்கடன் செய்யும் ஒருவரைக் கேட்டு எடுக்கவும் முடியாது, கேளாமல் எடுக்கவும் கூடாது. பொங்கலுக்கு முன்னும் பின்னும் அந்தக் கடமைகளைப் பரம்பரையாகச் செய்யும் குடும்பத்தாரை அவர்கள் வீட்டில் சந்தித்து எடுங்கள். மூலஸ்தானத்துக்குள் கமரா நீட்டவேண்டாம், மடை பரவிய இடத்தில் பிளாஷ் அடிக்கவேண்டாம்.

கூத்துக்கு வழி வேறு. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை எடுக்கப் போனால் முதலில் அண்ணாவியாரிடம் கேளுங்கள். அவர் ஓம் என்றால் கொட்டகை முழுக்க உங்களுக்குத் திறக்கும். நல்ல முகப்படம் மேடையில் கிடைப்பது குறைவு, ஒப்பனை நடக்கும் இடத்தில் கிடைக்கும். முத்துவெள்ளை பாதி பூசிய முகத்தோடு, கண்ணகியாக ஆடப்போகும் ஆண் கண்ணாடித் துண்டைக் கையில் பிடித்துப் புருவம் கீறிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே முகத்தில் தெரிகிற நேரம் அது. படத்தின் கீழ் ஆடியவரின் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் சேர்த்தே எழுதவேண்டும். இரவில் குழல்விளக்கு, எல்ஈடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் வேகத்தை 50-இல் ஒன்று அல்லது 100-இல் ஒன்றாக வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு 100 தடவை மின்னும், அந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் கோடு போய்விடும். கமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 1600, 3200 வரை ஏற்றப் பயப்படவேண்டாம்.

பெயர் எழுதுவது

அன்றிரவே எழுதிவிடுங்கள். பெயரை அவர் எப்படிச் சொன்னாரோ அப்படி, ஊரை அவர் எப்படிச் சொன்னாரோ அப்படி. முத்தையன்கட்டு என்று மட்டும் எழுதாமல் இடதுகரையா வலதுகரையா என்றும், எந்தக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறார் என்றும் எழுதுங்கள். என்ன வேலை தெரியும், அதை யாரிடம் பழகினார், அவர் வாயால் சொன்ன ஒரு வசனம். இவ்வளவும் சேர்ந்தால்தான் படம் முடிந்தது. "வன்னியின் ஏழ்மை முகம்", "சோகக் கண்கள்" மாதிரித் தலைப்புகள் வேண்டவே வேண்டாம். இணையத்தில் போடமுன் படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்குங்கள்.

பழைய படத்தைப் பிரதி எடுத்துக் கொடுப்பது

நீங்கள் படமெடுக்கிறீர்கள் என்று தெரிந்தால் யாராவது ஒரு பழைய படத்தை, பெரும்பாலும் பொலித்தீன் பைக்குள் சுற்றி, கொண்டுவந்து நீட்டுவார்கள். "இதைப் பெருப்பிச்சுத் தரேலுமோ?" இந்த வேலையை ஒருபோதும் தட்டிக்கழிக்காதீர்கள். படத்தை வாங்கிக்கொண்டு போகாமல் அந்த வீட்டிலேயே, அவர்கள் கண்முன்னே செய்யுங்கள். யன்னலோரம் மேசையில் வைத்து, போனை அதற்கு நேர் மேலே, சமாந்தரமாகப் பிடித்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். லமினேற் செய்த படம் மினுங்கினால் போனுக்குப் பின்னால் கறுப்புத் துணியொன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள், மினுக்கம் அடங்கும். ஈரம்பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது, முகத்தின் தோல் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாலேயே எடுங்கள். திருத்தும்போது கறையையும் மடிப்பையும் நீக்கலாம். அழிந்துபோன கண்ணையோ வாயையோ செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிரப்பினால் அங்கே வருவது அவர்களின் பிள்ளையின் முகமாக இருக்காது. அந்த இடத்தை அப்படியே விடுங்கள்.

அச்சும் பிறகும்

வீட்டுச் சுவருக்கு 8×12 அங்குலம் அளவானது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 2400×3600 புள்ளிகள், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் சற்றுக் குறைவு. எந்தப் போனும் அதைத் தரும். கிளிநொச்சி, வவுனியா ஸ்ரூடியோக்களில் அச்சிட்டு லமினேற் செய்யலாம். மரச்சட்டம் போட்டால் மண்சுவரில் கறையான் ஏறும், சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கொழுவச் சொல்லுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் கோப்பையும் அனுப்பவேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். உங்களிடம் இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும்.

கண்காட்சி வைப்பதானால் கொழும்புக்கு முன் அந்த ஊரில் வையுங்கள். பொதுநோக்கு மண்டபத்தில் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பில் கொழுவினாலே போதும். பிழையாக எழுதிய பெயரையும் உறவுமுறையையும் ஊர்ச்சனம் அங்கேயே திருத்தித் தரும்.

படத்துக்குப் பரிசோ காசோ வந்தால் முதலில் அந்த வீட்டுக்குச் சொல்லுங்கள், எவ்வளவு வந்தது என்பதையும் சேர்த்து. பங்கு எப்படி என்பதை எடுக்கும்போதே பேசி வைத்திருந்தால் பிறகு மனக்கசப்பு வராது. இணையத்தில் போட்ட படத்தை எடுத்துவிடு என்று ஒருவர் எப்போது சொன்னாலும், அவர் இல்லாமல் போன பிறகு வீட்டார் சொன்னாலும், காரணம் கேளாமல் அன்றைக்கே எடுத்துவிட்டு, எடுத்துவிட்டதை அவர்களுக்குத் தெரிவியுங்கள்.